சென்னையில் குறைந்த செலவில் தியேட்டரில் படம் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலகத்திலும், அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவிலும், ஊரிலிருந்து வரும் மச்சான் மூலமாகவும் என்னிடம் வரும் கேள்விகள் இவை. மாதத்துக்கு நாலைந்து படம் தியேட்டரில் பார்க்கிறவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

சென்னையில் டிக்கெட் விலை ரொம்ப அதிகமாமே?

இல்லை. இந்தியாவின் பெருநகரங்களோடு ஒப்பிட்டால் சென்னைக்காரர் கொடுத்துவைத்தவர். தமிழ்நாட்டில் டிக்கெட் விலைக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. மல்டிபிளெக்ஸில் அந்த வரம்பு 2017 அக்டோபர் வரை 120 ரூபாய், அதன்பின் 150 ரூபாய். வரி தனி. பெங்களூரிலோ மும்பையிலோ பெரிய படம் வந்த முதல் வார இறுதியில் இதே மாதிரி இருக்கைக்கு 500, 600 என்று கேட்பது சகஜம். கர்நாடக அரசு 2025-இல் 200 ரூபாய் உச்சவரம்பு கொண்டுவந்தது. உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. பெங்களூரில் வேலை பார்க்கும் என் தங்கை பொங்கலுக்கு வந்தால், முதல் வேலையாக இங்கே இரண்டு படம் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பாள்.

ஆகவே சென்னையில் ‘மலிவான டிக்கெட் எங்கே?’ என்று தேடுவதைவிட, ‘டிக்கெட்டைத் தாண்டி என் பணம் எங்கே போகிறது?’ என்று தேடுவதில்தான் லாபம் அதிகம். கீழே வரும் பதில்களில் பாதி அதைப் பற்றியதுதான்.

150 ரூபாய் என்கிறீர்கள். நான் 190 கொடுத்தேனே?

இரண்டு வரி சேர்கிறது. ஒன்று ஜிஎஸ்டி. 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 18 சதவீதம். இன்னொன்று உள்ளாட்சிக் கேளிக்கை வரி. 2017 ஜூலையில் 28 சதவீத ஜிஎஸ்டியும் 30 சதவீதக் கேளிக்கை வரியும் ஒன்றாகத் தலையில் விழுந்தபோது தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் நாலு நாள் கதவைச் சாத்தியது ஞாபகம் இருக்கலாம். அதன்பிறகு தமிழ்ப் படத்துக்கான கேளிக்கை வரி 8 சதவீதத்துக்கு இறங்கியது. 2025-இல் அதுவும் பாதியாகி 4 ஆனது. பிற மொழிப் படங்களுக்கு விகிதம் கூடுதல். எல்லாம் சேர்த்து ஒரு தமிழ்ப் படத்துக்கு மல்டிபிளெக்ஸ் டிக்கெட் 180-க்கும் 190-க்கும் இடையில் வந்து நிற்கும்.

100 ரூபாயும் அதற்குக் கீழும் உள்ள டிக்கெட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 12-இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பெரிய மால் தியேட்டருக்கு மட்டும் போகிறவருக்கு இதில் ஒன்றும் இல்லை. சின்ன தியேட்டர்களுக்கும் முன்வரிசைக்கும் போகிறவருக்கு உண்டு.

டிக்கெட் இவ்வளவு மலிவு என்றால், நாலு பேர் போய்வந்தால் ஏன் இரண்டாயிரம் ஆகிறது?

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை எங்கள் வீட்டிலிருந்து நாலு பேர் ஒரு மால் தியேட்டருக்குப் போனோம். திரும்பி வந்து சட்டைப்பையிலிருந்த சீட்டுகளை மேசையில் பரப்பிக் கணக்குப் போட்டேன். டிக்கெட் நாலுக்கும் 740. ஆப்பில் எடுத்ததற்கு ‘கன்வீனியன்ஸ் ஃபீஸ்’ 140. இடைவேளையில் பாப்கார்ன் இரண்டு, குளிர்பானம் இரண்டு, பிள்ளைகள் அடம்பிடித்த நாச்சோஸ் ஒன்று, மொத்தம் 880. கார் நிறுத்த 160. கூட்டினால் 1,920.

இதில் டிக்கெட் 740 மட்டும். ஐந்தில் இரண்டு பங்குகூட இல்லை. உச்சவரம்பு இருப்பது அந்த 740-க்குத்தான். மிச்சத்துக்கு எந்த வரம்பும் கிடையாது. பணம் ஓட்டை வழியாகப் போகிறதென்றால் ஓட்டை அங்கேதான்.

கவுண்ட்டரில் போய் வாங்கினால் உண்மையிலேயே மிச்சமா?

மிச்சம்தான். ஆன்லைனில் எடுத்தால் பல தியேட்டர்களுக்கு ஒரு டிக்கெட்டுக்கு 30 ரூபாயும், அந்த 30-க்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 35 ரூபாய் 40 காசு வாங்குகிறார்கள். ‘ஒரு புக்கிங்குக்கு’ இல்லை, ‘ஒரு டிக்கெட்டுக்கு’. ஒரே சொடுக்கில் ஆறு டிக்கெட் எடுத்தாலும் ஆறு முறை. கவுண்ட்டரில் இந்தக் கட்டணம் கிடையாது.

“போய் நின்று டிக்கெட் இல்லையென்றால்?” என்பது நியாயமான பயம். நான் செய்வது இது. வீட்டிலிருந்து கிளம்பும் முன் ஆப்பைத் திறந்து, அந்தக் காட்சியின் இருக்கைப் படத்தை மட்டும் பார்ப்பேன். பாதிக்கு மேல் காலியாக இருந்தால் பணம் கட்டாமல் ஆப்பை மூடிவிட்டு நேரே கவுண்ட்டருக்குப் போவேன். பத்து இருபது இருக்கைதான் பாக்கி என்றால் ஆன்லைனிலேயே எடுத்துவிடுவேன். 35 ரூபாய்க்காக நாலு பேரை வெயிலில் கூட்டிப்போய்த் திருப்பிக் கூட்டிவருவதில் அர்த்தமில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு மாலைக்கு ஆன்லைன். திங்கள் முதல் வியாழன் வரை கவுண்ட்டர். தோராயமாக இந்த விதி பொய்த்ததில்லை.

தியேட்டர் உங்கள் தெருமுனையிலேயே இருந்தால் இன்னும் வசதி. காலையில் காய்கறி வாங்கப் போகும்போதே மாலைக் காட்சிக்கு டிக்கெட் வாங்கி வந்துவிடலாம். என் மாமனார் பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்தவரை அப்படித்தான் செய்தார். ஸ்மார்ட்போன் வந்தபிறகும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

10 ரூபாய் டிக்கெட் இன்னும் இருக்கிறதா?

10 ரூபாய்க்கு இல்லை. ஆனால் அதன் வாரிசு இருக்கிறது.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். மல்டிபிளெக்ஸில் 120 ரூபாய் உச்சமாக இருந்த காலத்தில் கீழ்வரம்பு 10 ரூபாய். திரைக்கு முன்னால் உள்ள ஒன்றிரண்டு வரிசையை அந்த விலைக்கு விற்பார்கள். ராயப்பேட்டை சத்யத்தில் 10 ரூபாய் டிக்கெட்டுக்குக் காத்து நின்ற கல்லூரிப் பிள்ளைகளில் நானும் ஒருவன். அதே ஏசி, அதே ஒலி, அதே படம். கழுத்து மட்டும் வேறு மாதிரி. இன்று பல மல்டிபிளெக்ஸ்களில் அந்த முன்வரிசை ‘பட்ஜெட்’ என்ற பெயரில் 60 ரூபாய் சுற்றில் கிடைக்கிறது. பின்னால் உள்ளவர் கொடுப்பதில் மூன்றில் ஒரு பங்கு.

இதில் ஒரு வேடிக்கை. அதே 60 ரூபாய் டிக்கெட்டை ஆப்பில் எடுத்தால் அதற்கும் அதே 35 ரூபாய். டிக்கெட் விலையில் பாதிக்கு மேல் கட்டணமாகப் போகும். முன்வரிசை என்றால் கவுண்ட்டர்தான்.

கவுண்ட்டரில் ‘சீப்பா ஏதாவது இருக்கா?’ என்று கேட்காதீர்கள். ‘பட்ஜெட் இருக்கா?’ அல்லது ‘ஃபர்ஸ்ட் ரோ இருக்கா?’ என்று கேளுங்கள். போன வாரம் எனக்கு நடந்த உரையாடல்:

“பட்ஜெட் ஒண்ணு குடுங்க.”

“முன்னாடிதான் சார் வரும். பின்னாடி நெறைய காலியா இருக்கு.”

“தெரியும். முன்னாடியே குடுங்க.”

அந்தப் பையன் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தான். நரைத்த தலைக்கு முன்வரிசை பொருந்தவில்லை போலும். “ஓரமா வேணுமா, நடுவுலயா சார்?” என்றான். நடுவில் என்றேன். ஓரத்தில் உட்கார்ந்தால் திரையில் வருகிறவர்களெல்லாம் சாய்ந்தே தெரிவார்கள். முன்வரிசையில் நடு இருக்கை கிடைக்காவிட்டால் நான் வாங்குவதில்லை.

முன்வரிசையில் கழுத்து வலிக்காதா?

திரையைப் பொறுத்தது. சத்யம் வளாகத்திலேயே பெரிய சத்யம் திரையின் முன்வரிசை வேறு, செரீன், ஸ்டுடியோ 5 போன்ற சின்னத் திரைகளின் முன்வரிசை வேறு. சின்ன அரங்கில் முதல் வரிசை சுகமாகவே இருக்கும். பெரிய அரங்கில் இருக்கையில் நன்றாகச் சரிந்து, தலையைச் சாய்மானத்தில் வைத்துக்கொண்டால் இரண்டு மணி நேரம் தாங்கலாம். மூன்று மணி நேரப் படத்துக்கு வேண்டாம். வேகமாக வெட்டி வெட்டிக் காட்டும் சண்டைப் படத்துக்கும் வேண்டாம், தலை சுற்றும். சப்டைட்டில் படித்துப் பார்க்கும் படத்துக்கு வேண்டவே வேண்டாம். டென்னிஸ் ஆட்டம் பார்ப்பதுபோல எழுத்துக்கும் முகத்துக்கும் தலை ஆடிக்கொண்டே இருக்கும். பேச்சும் பாட்டுமாகப் போகும் குடும்பப் படம் என்றால் தாராளமாக உட்காரலாம்.

காலைக் காட்சி, வார நாள் காட்சி மலிவா?

வட இந்தியாவில் அப்படி. அங்கே வரம்பு இல்லாததால் காலைக்கு ஒரு விலை, சனிக்கிழமை இரவுக்கு ஒரு விலை. இங்கே பெரும்பாலான தியேட்டர்கள் எல்லாக் காட்சிக்கும் வரம்பைத் தொட்டே விற்பதால் பெரிய வித்தியாசம் இருக்காது. வார நாளில் உங்களுக்கு மிச்சமாவது கன்வீனியன்ஸ் ஃபீஸும், வண்டி நிறுத்த அலைவதும்தான்.

பழைய தியேட்டர்கள், சிங்கிள் ஸ்கிரீன்கள் எப்படி?

என் ஓட்டு இவற்றுக்குத்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போகச் சொல்லமாட்டேன்.

மல்டிபிளெக்ஸ் அல்லாத ஏசி தியேட்டருக்கு உச்சவரம்பே குறைவு. அதனால் தொடக்கத்திலேயே ஐம்பது ரூபாய் மிச்சம். பாப்கார்ன் விலை மால் விலையில் பாதிகூட இருக்காது. பல இடங்களில் பஃப்ஸும் டீயும் கிடைக்கும். இருசக்கர வண்டிக்குச் சீட்டு போட்டுக்கொடுத்தால் படம் முடியும்வரை அதே காசு, மணிக்கணக்கு கிடையாது. அண்ணா சாலையில் 1970-இல் திறந்த தேவி வளாகம் இன்னும் ஓடுகிறது. வடபழனியில் கமலா, கோயம்பேட்டில் ரோகிணி, குரோம்பேட்டையில் வெற்றி, ஜாபர்கான்பேட்டைப் பக்கம் காசி என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்று உண்டு. இவற்றில் சில உள்ளே பல திரைகளாகிவிட்டன. விலையும் ஒன்றுபோல இராது. கவுண்ட்டருக்கு மேல் எழுதியிருக்கும் கட்டணப் பலகையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

குறை என்னவென்றால் தரம் சீராக இருக்காது. ஒரு தியேட்டரில் ஒலி நெஞ்சை அதிரவைக்கும்; அடுத்ததில் வசனமே கேட்காது. நான் ஒருமுறை போன பழைய தியேட்டர் ஒன்றில் (பெயர் வேண்டாம்) கூட்டம் குறைவு என்று இடைவேளைக்குப் பிறகு ஏசியை அணைத்துவிட்டார்கள். மே மாதம். படம் முடியும்போது சட்டையைப் பிழிந்தால் அரை வாளி. அதனால் புதிய இடத்துக்கு முதல் முறை குடும்பத்தோடு போகாதீர்கள். தனியாக ஒரு மேட்னி பார்த்து, ஏசி, ஒலி, கழிப்பறை மூன்றையும் சோதித்துவிட்டு வாருங்கள். மூன்றாவதுதான் முக்கியம் என்பது என் மனைவியின் தீர்ப்பு.

இவை குறைந்துகொண்டே வருகின்றன. அண்ணா சாலை சாந்தி தியேட்டர் 2016-இல் போயிற்று. தண்டையார்பேட்டை அகஸ்தியா 2020-இல். அசோக் நகர் உதயம் 2024-இல். உதயத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு இப்போது நடந்துபோகும் தூரத்தில் இருந்த மலிவான டிக்கெட் இல்லை.

ஆப் சலுகைகள், கார்டு சலுகைகள் பயன்படுமா?

சிலருக்கு. ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று சில கிரெடிட் கார்டுகள் தருகின்றன. ஏற்கெனவே கையில் உள்ள கார்டில் இருந்தால் பயன்படுத்துங்கள். இதற்காகவே ஆண்டுக் கட்டணம் கட்டிப் புதுக் கார்டு வாங்காதீர்கள். இலவச டிக்கெட்டுக்கும் கன்வீனியன்ஸ் ஃபீஸ் உண்டு. சலுகைக்கு மேல் வரம்பும், மாதத்துக்கு இத்தனை பேருக்குத்தான் என்ற ஒதுக்கீடும் இருக்கும். மாதத்தின் முதல் நாட்களிலேயே அது தீர்ந்துபோகலாம்.

கூப்பன் குறியீடுகளைப் பொறுத்தவரை, கடைசியில் கட்டவேண்டிய தொகையை மட்டும் பாருங்கள். ‘100 ரூபாய் தள்ளுபடி’ என்று பச்சை எழுத்தில் மின்னும். கீழே 140 ரூபாய் கட்டணம் சாம்பல் எழுத்தில் ஒளிந்திருக்கும். அதே காட்சியை புக்மைஷோ ஆப், டிஸ்ட்ரிக்ட் ஆப், தியேட்டரின் சொந்தத் தளம் மூன்றிலும் கடைசிப் பக்கம்வரை போய்ப் பார்த்தால் சில சமயம் வித்தியாசம் தெரியும். ஐந்து நிமிட வேலை. இரண்டு டிக்கெட்டுக்கு அந்த மெனக்கெடல் வேண்டாம். எட்டு டிக்கெட்டுக்கு வேண்டும்.

மாதாந்திர பாஸ் வாங்கலாமா?

பிவிஆர் ஐநாக்ஸ் 2023 அக்டோபரில் 699 ரூபாய்க்கு மாதம் 10 படம் என்று ஒரு பாஸ் கொண்டுவந்தது. திங்கள் முதல் வியாழன் வரைதான் செல்லும். டிக்கெட் 400 ரூபாய் விற்கும் ஊரில் இரண்டே படத்தில் போட்ட காசு திரும்பும். இங்கே நாலு படம் பார்க்க வேண்டும், அதுவும் வார நாளில். இம்மாதிரி பாஸ் எது கண்ணில் பட்டாலும், சென்னைத் தியேட்டர்கள் அதில் சேர்த்தியா என்பதை முதலில் பாருங்கள்.

தேசிய சினிமா தினம் என்று 99 ரூபாய்க்கு விற்றார்களே?

ஆமாம். மல்டிபிளெக்ஸ் சங்கத்தின் ஏற்பாடு அது. 2022 செப்டம்பர் 23 அன்று 75 ரூபாய், 2023 அக்டோபர் 13, 2024 செப்டம்பர் 20 இரண்டு நாளும் 99 ரூபாய். ஊருக்கு ஊர், தியேட்டருக்குத் தியேட்டர் நிலைமை மாறும். முந்தைய நாள் மாலை உங்கள் தியேட்டரின் விலையைத் திறந்து பாருங்கள், குறைந்திருந்தால் எடுங்கள். மற்றபடி அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

முதல் நாள் முதல் காட்சி மலிவாகப் பார்க்க வழி உண்டா?

கிடையாது. மலிவும் முதல் நாளும் ஒரே வீட்டில் குடியிருக்காது.

அரசு விதித்த விலை முதல் நாளுக்கும் அதேதான். ஆனால் பெரிய நடிகர் படத்தின் முதல் காட்சி டிக்கெட்டுகள் மொத்தமாக மன்றத்துக்கோ வேறு கைகளுக்கோ போய், அங்கிருந்து 500, 1,000 என்று வெளியே வருவது ஊரறிந்த கதை. 2023 பொங்கலுக்குப் பிறகு நள்ளிரவு ஒரு மணி, அதிகாலை நாலு மணிக் காட்சிகள் நின்றுவிட்டன. ரசிகர் ஒருவர் லாரியிலிருந்து விழுந்து இறந்ததற்குப் பின் அரசு அனுமதிப்பதில்லை. இப்போது பெரிய படத்துக்கும் முதல் காட்சி காலை 9 மணிதான்.

எனக்கு ஒருமுறை ஒரு தியேட்டரில், “டிக்கெட் மட்டும் கிடையாது, பாப்கார்ன் காம்போவோட சேர்த்து எடுத்தாதான்” என்றார்கள். காலை ஒன்பது மணிக்குப் பாப்கார்ன்! பல் தேய்த்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வாங்கித் தொலைத்தேன், படமும் சரியில்லை. அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமைக்காரன் ஆகிவிட்டேன். வெள்ளிக்கிழமை வந்த படம் செவ்வாய்க்கிழமைக்குள் தன் தகுதியைக் காட்டிவிடும். பார்க்கத் தேவையில்லாத படத்துக்கு டிக்கெட் எடுக்காமல் இருப்பதைவிடப் பெரிய சேமிப்பு ஏது?

ஐமேக்ஸ் போன்ற பெரிய திரைக்கு ரொம்ப ஆகுமா?

இதுதான் சென்னையின் ரகசியச் சலுகை. வேளச்சேரி லக்ஸ், வடபழனி பலாஸோ இரண்டிலும் ஐமேக்ஸ் திரை உண்டு. மற்ற நகரங்களில் ஐமேக்ஸ் என்றாலே சாதாரண டிக்கெட்டைப்போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. இங்கே உச்சவரம்பின் புண்ணியத்தில் அந்த ஏற்றம் இல்லாமல் பார்த்துவந்திருக்கிறோம். 3டி என்றால் கண்ணாடிக்குத் தனிக் காசு. ஆகவே பெரிய திரைக்கென்றே எடுத்த படம் வந்தால் சின்ன அரங்கில் 20 ரூபாய் மிச்சம் பிடிக்காமல் இங்கே போங்கள். டிக்கெட் சீக்கிரம் தீரும் என்பதால் இதற்கு மட்டும் கவுண்ட்டர் விதியைத் தளர்த்திக்கொள்கிறேன்.

வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுபோகலாமா?

தியேட்டர் தடுத்தால் கேள்வி கேட்க முடியாது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வெளி உணவைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு என்று சொல்லிவிட்டது. அதே தீர்ப்பில் சொன்ன இரண்டு விஷயங்களை நினைவில் வையுங்கள்: குடிநீர் இலவசமாகக் கிடைக்க வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைப் பெற்றோர் கொண்டுபோகலாம். தண்ணீர் எங்கே என்று கேட்டால் பாட்டில் அடுக்கைக் காட்டுவார்கள். “குடிக்கிற தண்ணி மெஷின் எங்கேண்ணா?” என்று இன்னொரு முறை கேளுங்கள். கழிப்பறைக்குப் பக்கத்து மூலையில் இருக்கும்.

மற்றபடி வழி எளிது: சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மாலைக் காட்சிக்கு ஐந்தரை மணிக்கு வீட்டில் ஆளுக்கு இரண்டு தோசை ஊற்றிவிட்டால் இடைவேளையில் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் சத்யத்தில் மசாலாப் பொடி தூவிக்கொண்டு தின்னும் அந்தப் பாப்கார்னை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. நாலு பேருக்கு ஒன்று. கஞ்சத்தனத்துக்கும் ஓர் எல்லை வேண்டும்.

வண்டி நிறுத்துவதா, மெட்ரோவா?

மால் என்றால் மெட்ரோ. மணிக்கணக்கில் ஏறும் பார்க்கிங் கட்டணம், மூன்று மணி நேரப் படத்தில் ஒரு டிக்கெட் விலையைத் தொட்டுவிடும். கமலாவுக்கும் பலாஸோவுக்கும் வடபழனி நிலையம், ரோகிணிக்குக் கோயம்பேடு, அண்ணா சாலைத் தியேட்டர்களுக்கு அரசினர் தோட்டமும் எல்ஐசியும். குரோம்பேட்டை வெற்றிக்கு மின்சார ரயில்.

இரவு செகண்ட் ஷோ பார்க்கிறவர்கள் கவனிக்க: பத்து மணிக்குத் தொடங்கும் படம் முடியும்போது மெட்ரோ இருக்காது. நள்ளிரவில் ஆட்டோக்காரர் கேட்பதுதான் விலை. மலிவு டிக்கெட்டில் பிடித்த மிச்சம் கத்திப்பாரா தாண்டுவதற்குள் கரைந்துவிடும். சொந்த வண்டி இருந்தால் மட்டும் செகண்ட் ஷோ.

வாட்ஸ்அப், டெலிகிராமில் ‘டிக்கெட் இருக்கு, பாதி விலை’ என்று வருகிறதே?

முன்பின் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். கியூஆர் கோடின் படத்தை ஒருவருக்கு அனுப்புகிறவர் ஒன்பது பேருக்கும் அனுப்பலாம். முதலில் போய் ஸ்கேன் செய்கிறவருக்குத்தான் கதவு திறக்கும். அலுவலக நண்பர் கடைசி நேரத்தில் போகமுடியாமல் விற்றால் அது வேறு. வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் அலுவலகக் குழுவில் “ரெண்டு டிக்கெட் வேணுமா?” என்று வராத வாரம் குறைவு. கல்யாணமானவர்கள் அதிகம் வேலை பார்க்கும் இடம்.

குழந்தைக்கு டிக்கெட் எடுக்க வேண்டுமா?

பெரும்பாலான இடங்களில் மூன்று வயது முடிந்தால் முழு டிக்கெட். அதைவிட முக்கியமாகச் சான்றிதழைப் பாருங்கள். ‘ஏ’ படத்துக்குப் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவரை விடமாட்டார்கள். பெற்றோர் கூட இருந்தாலும் அதேதான். வாசலில் திருப்பி அனுப்பினால் டிக்கெட் காசு திரும்பிவரும் என்று எதிர்பார்க்காதீர்கள். யு/ஏ இப்போது 7, 13, 16 என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. அது பெற்றோருக்கான எச்சரிக்கை, வாசலில் தடுப்பதற்கானது இல்லை.

காசே இல்லாமல் நல்ல படம் பார்க்க முடியுமா?

முடியும், புதுப் படமாக இல்லாவிட்டால் பரவாயில்லை என்றால். நுங்கம்பாக்கத்தில் அலியான்ஸ் பிரான்சேஸும் ஜெர்மானியரின் கோதே நிலையமும் உண்டு. ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கன் சாலையில் ரஷ்யப் பண்பாட்டு மையம் உண்டு. இங்கெல்லாம் அவ்வப்போது படம் போடுவார்கள். பெரும்பாலும் இலவசம், ஆங்கிலச் சப்டைட்டிலோடு. ராஜா அண்ணாமலைபுரத்தில் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் தாகூர் ஃபிலிம் சென்டரிலும் திரையிடல்கள் நடக்கும். அவர்களுடைய சமூக வலைப் பக்கங்களைப் பின்தொடர்ந்தால் போதும்.

டிசம்பரில் சென்னை சர்வதேசத் திரைப்பட விழா. 2003 முதல் நடக்கிறது. அண்மை ஆண்டுகளில் முழு விழாவுக்கும் பாஸ் 1,000 ரூபாய், மாணவர்களுக்கு 500. ஒரு வாரத்துக்கும் மேல் நடக்கும், காலை முதல் இரவு வரை படம். அலுவலகத்துக்கு விடுப்பு போட்டு ஒரு வருடம் நான் 19 படம் பார்த்தேன். படத்துக்கு 53 ரூபாய். அதில் மூன்றில் தூங்கிவிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஓடிடியில் வந்துவிடுமே, எதற்குத் தியேட்டர்?

தமிழ்ப் படம் பெரும்பாலும் நாலு வாரத்தில் வந்துவிடுகிறது. ஆகவே எல்லாப் படத்தையும் தியேட்டரில் பார்க்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டுக் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “இதை ஃபோன்ல பாத்தா நஷ்டமா?” ஆம் என்றால் தியேட்டர். இல்லையென்றால் சோபா.

மறுவெளியீடுகளை மறந்துவிடாதீர்கள். இருபது வருடத்துக்கு முந்தைய படங்களைச் சில தியேட்டர்கள் குறைந்த விலைக்குப் போடுகின்றன. ஐம்பது ரூபாய் அளவில்கூடப் பார்த்திருக்கிறேன். படம் எல்லோருக்கும் மனப்பாடம், அரங்கமே சேர்ந்து பாடும். கூட்டத்தோடு படம் பார்க்கும் சுகத்துக்கு இன்றைக்கு அதுதான் மிக மலிவான டிக்கெட்.

நிர்ணயித்ததைவிடக் கூடுதலாகக் கேட்டால்?

டிக்கெட்டில் விலை அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து, அதைப் படமெடுத்து வையுங்கள். சென்னையில் தியேட்டர் உரிமம் வழங்குவது மாநகரக் காவல் ஆணையர், மாவட்டங்களில் ஆட்சியர். புகார் அங்கே போகலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதியலாம். அச்சிட்ட விலை சரியாக இருந்து, கையில் மட்டும் கூடுதலாக வாங்கியிருந்தால் நிரூபிப்பது கஷ்டம். ஜிபேயில் கட்டுங்கள். கட்டிய தொகை பதிவாகிவிடும்.

கடைசியாக: 100 ரூபாய்க்குள் ஒரு ஆள் சென்னையில் புதுப் படம் பார்க்க முடியுமா?

போன செவ்வாய்க்கிழமை பார்த்தேன். மாலை அலுவலகம் முடிந்து மாநகரப் பேருந்து, போக வர சில்லறை. (பெண்கள் என்றால் சாதாரணக் கட்டணப் பேருந்தில் அதுவும் இலவசம்.) கவுண்ட்டரில் பட்ஜெட் டிக்கெட், நடு இருக்கை. தண்ணீர் மெஷினில் நிரப்பிக்கொண்டது ஒரு பாட்டில். இடைவேளையில் எழுந்து கழுத்தை இரண்டு பக்கமும் சுழற்றினேன். என் வரிசையில் இன்னும் மூன்று பேர், கல்லூரிப் பிள்ளைகள், அதையே செய்துகொண்டிருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். வெளியே வந்து டீக்கடையில் கணக்குப் பார்த்தபோது 88 ரூபாய் ஆகியிருந்தது. மிச்சம் 12. டீ 15 என்றார் மாஸ்டர்.